சன்ரைசிங் மேட்டில் இறங்க மறுத்த ஸ்லைடு

இங்கிலாந்தில் பான்பரிக்குப் போகும் ஏ422 சாலை எட்டிங்டனைத் தாண்டிய பிறகு சில மைல்களுக்குச் சாதுவாகவே ஓடுகிறது. இருபுறமும் கோதுமை வயல்கள், வேலிச் செடிகள், எப்போதாவது ஒரு பண்ணை வீடு. பிறகு எட்ஜ் ஹில் மேட்டுத்தொடர் எதிரே மதில் எழுப்பியதுபோல் வந்து நிற்கிறது. சாலை அதன்மீது ஏறும் இடத்துக்குப் பெயர் சன்ரைசிங் ஹில். 1931க்கு முன் உருவான மோட்டார் சைக்கிள்களுக்காக நடக்கும் பான்பரி ஓட்டத்தில் இந்த ஏற்றம்தான் பெரிய சோதனை. அன்று சாலையோரச் சரிவில் மக்கள் திரண்டு நின்று, எந்த வண்டி மூச்சு வாங்காமல் ஏறுகிறது என்று பார்த்துக் கைதட்டுவார்கள்.

என் வண்டி அவ்வளவு பழையது அல்ல. 1969இல் மெரிடனில் செய்த ட்ரையம்ஃப் போனவில். 650 சிசி, இரட்டைச் சிலிண்டர், சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கார்புரேட்டர்கள். மூன்றாவது கியரில் அந்த மேட்டை அது பாடிக்கொண்டே ஏறும். கடந்த ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் அப்படித்தான் ஏறினேன். பதினான்கு வண்டிகள் கொண்ட எங்கள் குழுவில் நான் ஆறாவது. உச்சியை எட்டியதும் வேகத்தைக் குறைக்கக் கைப்பிடியைத் திருப்பினேன். கைப்பிடி முழுதாகத் திரும்பிவிட்டது, எஞ்சின் திரும்பவில்லை. முன்னால் போன வண்டியின் பின்விளக்கு என்னை நோக்கி வேகமாக வந்தது. கிளட்சைப் பிடித்தேன். சுமை இல்லாத எஞ்சின் அலறியது. சாவியைத் திருப்பி அணைத்து, புல் தரையோரம் உருண்டுபோய் நின்றேன். அதன்பின் எழுந்த அமைதியில் ஒரு வானம்பாடியின் குரல் கேட்டது. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

இந்தப் பழைய கார்புரேட்டர்களுக்குள் நடப்பது எளிய காரியம். உரலுக்குள் உலக்கை இறங்குவதுபோல ஒரு குழிக்குள் ஓர் உருளைத் துண்டு ஏறி இறங்குகிறது. அதுதான் ஸ்லைடு. கைப்பிடியை முறுக்கினால் கேபிள் அதை மேலே இழுக்கிறது. காற்றும் பெட்ரோலும் கூடுதலாக உள்ளே போகின்றன. கைப்பிடியை விட்டால் ஸ்லைடு கீழே இறங்கவேண்டும். ஆனால் கேபிளால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. ஆகவே இறங்குவது முழுக்க முழுக்க மேலே உட்கார்ந்திருக்கும் ஒரு மெல்லிய ஸ்பிரிங்கின் பொறுப்பு. ஸ்லைடுக்கும் குழிச் சுவருக்கும் இடையே இருப்பது மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளி எங்காவது ஓரிடத்தில் அடைபட்டாலும் ஸ்பிரிங் தோற்றுவிடும். ஓட்டுபவருக்கு அது கடைசி நொடியில்தான் தெரியும், அதுவும் வேகத்தைக் குறைக்கவேண்டிய நொடியில்.

எனக்கு அது திடீரென்று வந்த நோய் அல்ல. மார்ச் மாதத்திலிருந்தே அறிகுறி இருந்தது. நெடுநேரம் ஓட்டிவிட்டுச் சிக்னலில் நின்றால் எஞ்சின் உடனே அடங்காது. இரண்டு மூன்று நொடிகள் உயர்ந்த குரலிலேயே நின்று, பிறகு சட்டென்று இறங்கும். முதலில் கேபிளைச் சந்தேகித்தேன். திருச்சியில் அப்பா வைத்திருந்த புல்லட்டில் வளர்ந்தவன் நான். அங்கே ஆக்ஸிலரேட்டர் இறுகினால் முதல் குற்றவாளி கேபிள்தான். புழுதியும் மழையும் உறைக்குள் புகுந்து இறுக்கிவிடும். அப்பா நாளிதழ்த் தாளைக் கூம்பாகச் சுருட்டி, கேபிளின் தலையில் நூலால் கட்டி, அதில் எண்ணெய் ஊற்றி இரவு முழுதும் தொங்கவிடுவார். காலையில் மறுமுனையில் கரிய சொட்டுகள் விழுந்திருக்கும். நானும் கவன்ட்ரியில் என் ஷெட்டில் அதையே செய்தேன். என் வண்டியில் கைப்பிடியிலிருந்து வரும் ஒரு கேபிள் டாங்க்கின் அடியில் ஒரு சிறு பெட்டிக்குள் இரண்டாகப் பிரிகிறது. அந்தப் பெட்டியையும் திறந்து துடைத்தேன். ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பி, கேபிள் எங்காவது நெரிபடுகிறதா என்று பார்த்தேன். எதுவுமில்லை.

அடுத்து ஸ்பிரிங்குகளை மாற்றினேன். அதற்கடுத்து ஸ்லைடுகளையே மாற்றினேன். என் வண்டியிலுள்ள அமால் நிறுவனத்தின் பழைய கான்சென்ட்ரிக் வகைக் கார்புரேட்டரில் உடலும் ஸ்லைடும் ஒரே வகைத் துத்தநாகக் கலவையால் ஆனவை. ஒரே உலோகம் ஒன்றோடொன்று பல்லாண்டு உரசினால் பற்றிக்கொள்ளும் குணம் உண்டு. அதனால் இன்று பலரும் கடினப்பூச்சு ஏற்றிய அலுமினிய ஸ்லைடுகளுக்கு மாறுகிறார்கள். நல்ல மாற்றம்தான், தயங்காமல் செய்யலாம். கார்புரேட்டர்களைக் கழற்றி மேசையில் வைத்துப் புதிய ஸ்லைடுகளைப் போட்டால் தம் எடையிலேயே வழுக்கிக்கொண்டு இறங்கின. திருப்பி மாட்டி, ஷெட்டில் எஞ்சினை ஓட்டிச் சோதித்தேன். கைப்பிடியை விடும்போதெல்லாம் இரண்டும் ஒன்றாக இறங்கி ‘டக்’ என்று ஒலித்தன. பிரச்சினை தீர்ந்தது என்று நம்பித்தான் ஜூன் மாதப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தேன்.

ஷெட்டில் ஒருபோதும் அகப்படாத நோய்கள் இந்த வண்டிகளுக்கு உண்டு. நாற்பது மைல் ஓடி, ஒரு மேட்டை முழுத் திறப்பில் ஏறி, எஞ்சினின் சூடு தலையிலிருந்து கார்புரேட்டரின் கழுத்துக்குப் பரவிய பிறகுதான் அவை முகம் காட்டும். அப்போது ஓட்டுபவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். காற்றின் இரைச்சலில் தன் எஞ்சினின் குரலைப் பாதிதான் கேட்பான். அதைக் கேட்கப் பின்னால் இன்னொருவர் வேண்டும். குழுவாகப் போவதை நான் விரும்புவதற்குத் தேநீரும் பேச்சும் காரணங்கள்தான். ஆனால் முதல் காரணம் இதுவே.

எங்கள் குழு ஓடும் முறையைச் சொல்லிவிடுகிறேன். முன்னால் வழிகாட்டி ஒருவர், கடைசியில் காவல்போல் ஒருவர். இவர்கள் இருவரும் மாறுவதில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் வழிகாட்டிக்கு அடுத்து வருபவர் ஓரமாக நின்று, மற்றவர்களுக்குத் திரும்பவேண்டிய திசையைக் கைகாட்டுவார். எல்லோரும் கடந்து, கடைசி ஆள் வந்த பிறகு அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். இதனால் யாரும் முன்னால் போகிறவரைத் துரத்தவேண்டியதில்லை. வழி தவறுவதும் இல்லை. வரிசை மெல்ல மெல்லச் சுழன்றுகொண்டே இருப்பதால் ஒரே நாளில் ஐந்தாறு வண்டிகளின் பின்னால் ஓட்டும் வாய்ப்பும் கிடைக்கிறது. வேகம் மணிக்கு 45, 50 மைல். இந்த வண்டிகளின் டிரம் பிரேக்குகளுக்கு அதுவே மரியாதையான வேகம். வரிசையில் ஒருவர் வலப்பக்கம், அடுத்தவர் இடப்பக்கம் என்று மாற்றி மாற்றி ஓட்டுவோம். அன்று என் ஸ்லைடு ஒட்டிக்கொண்டபோது எனக்கு முன்னால் நேர்கோட்டில் யாரும் இல்லாததற்கு அந்தப் பழக்கமே காரணம்.

நான் நின்றதும் எனக்குப் பின்னால் வந்த வெலோசெட் வெனம் ஒதுங்கி நின்றது. கறுப்பு உடலில் தங்கக் கோடிட்ட அழகான வண்டி. இந்த வகை வெனம் ஒன்றுதான் 1961இல் பிரான்சின் மோன்ட்லெரி ஓட்டப்பாதையில் 24 மணி நேரம் இடைவிடாமல் ஓடி, மணிக்கு 100 மைலுக்கு மேல் சராசரி கண்டது. அதை ஓட்டுபவர் ஓய்வுபெற்ற இசை ஆசிரியை. தலைக்கவசத்தைக் கழற்றியதும் அவர் சொன்ன முதல் வார்த்தையே தீர்ப்பாக இருந்தது. “வலது பக்கம். ஃபாஸ் வே சாலையிலிருந்தே கேட்டுக்கொண்டு வருகிறேன். நீங்கள் வேகம் குறைக்கும்போது இடது குழாய் முதலில் அடங்குகிறது, வலது பின்தங்கி வருகிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் இன்னும் கொஞ்சம் பின்தங்குகிறது.”

இதற்குள் கடைசிக் காவலரும் வந்துவிட்டார். பழைய பிஎஸ்ஏ ஏ10 வைத்திருப்பவர். கவன்ட்ரியில் கருவிப் பட்டறையில் வாழ்நாள் முழுதும் வேலை செய்தவர். அவர் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. குளிர்காலத்தில் என்ன வேலை செய்தேன் என்று மட்டும் கேட்டார். கார்புரேட்டர் கழுத்தின் ரப்பர் வளையங்களை மாற்றினேன் என்றேன். நட்டுகளை எப்படி இறுக்கினீர்கள் என்று கேட்டார். காற்றுக் கசியக்கூடாதே என்று நன்றாக இறுக்கினேன் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, பையிலிருந்து விரல் நீளமே இருந்த ஒரு ஸ்பேனரை எடுத்தார். வலது கார்புரேட்டரின் நட்டு ஒன்றைக் கால் சுற்றுத் தளர்த்தினார். மற்றொன்றையும் கால் சுற்று. மறுபடி முதல் நட்டில் ஸ்பேனரை வைத்துத் திருப்பும்போதே உள்ளே ‘டக்’ என்றது. ஸ்லைடு இறங்கிவிட்டது.

மூன்று மாதம் நான் கேபிளிலும் ஸ்பிரிங்கிலும் தேடியதை அவர் இரண்டு நட்டுகளில் கண்டார். ஸ்லைடுக்கு ஒன்றுமே இல்லை. அதைச் சூழ்ந்திருந்த குழியைத்தான் நான் இறுக்கி இறுக்கி நீள்வட்டமாக்கியிருந்தேன்.

கான்சென்ட்ரிக்கை எஞ்சினோடு பொருத்தும் கழுத்துப் பட்டைக்கு இருபுறமும் காதுகள்போல் இரண்டு நீட்சிகள். நடுவே ஒரு பள்ளத்தில் ரப்பர் வளையம் அமர்ந்து, பள்ளத்துக்கு வெளியே சற்றே துருத்திக்கொண்டிருக்கும். காதுகளிலுள்ள நட்டுகளை இறுக்கினால் வளையம் நசுங்கிக் காற்றை அடைக்கிறது. அதோடு நிறுத்தவேண்டும். மேலும் இறுக்கினால் காதுகள் எஞ்சின் பக்கமாக வளைகின்றன, பட்டை வில்லாகிறது, அந்த வளைவு அப்படியே குழியின் உருவத்தையும் கெடுக்கிறது. துத்தநாகக் கலவை மென்மையானது. ஒருமுறை வளைந்தால் எளிதில் திரும்பாது. மேசையில் கழற்றி வைத்தால் இறுக்கம் விலகுவதால் ஸ்லைடு சுதந்திரமாக ஓடும். மாட்டினால், குளிர்ந்த நிலையில் ஏதோ சமாளிக்கும். சூடேறினால் பிடித்துக்கொள்ளும். கழற்றினால் ஓடுகிறது, மாட்டினால் ஒட்டுகிறது என்றால் வேறெதையும் தேடவேண்டாம், பட்டையைப் பாருங்கள்.

வீடு திரும்பிய வாரம் அதைத்தான் செய்தேன். பட்டையின்மீது எஃகு அளவுகோலின் விளிம்பை வைத்து வெளிச்சத்தின் எதிரே பிடித்தேன். அளவுகோல் இரண்டு காதுகளின்மீதும் தாங்கி நின்றது. நடுவில் அதன் அடியில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. தடித்த கண்ணாடிப் பலகையில் நயமான வாட்டர் பேப்பரை நனைத்து விரித்து, பட்டையை அதில் எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் மெதுவாக உரசினேன். முகம் முழுதும் ஒரே சாம்பல் நிறம் வரும்வரை உரசவேண்டும், அதற்குமேல் ஒரு இழுப்புக்கூடக் கூடாது. அதிகம் தேய்த்தால் ரப்பர் வளையத்தின் பள்ளம் ஆழம் குறைந்து, வளையம் முன்னைவிட உயரமாகத் துருத்தி, மறுபடி காதுகளை வளைக்கும். குழிக்குள் விளக்கைக் காட்டிப் பார்த்தபோது ஸ்லைடு உரசிய இடங்கள் மின்னின. அங்கே மட்டும் உலோகப் பாலிஷால் லேசாகத் துடைத்தேன். குழி மிகவும் கெட்டுவிட்ட கார்புரேட்டர்களைக் கடைந்து உள்ளே பித்தளை உறை போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை.

திருப்பி மாட்டும்போது பிஎஸ்ஏ பெரியவர் சொல்லித்தந்த முறையைப் பின்பற்றினேன். இதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். கார்புரேட்டரின் மூடியைப் போடாதீர்கள். ஸ்பிரிங்கும் கேபிளும் இல்லாமல் வெறும் ஸ்லைடை மட்டும் குழிக்குள் விடுங்கள். நட்டுகளைக் கையால் திருகி, பிறகு குட்டை ஸ்பேனரால் மாற்றி மாற்றிக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஸ்லைடை விரலால் உயர்த்தி விடுங்கள். அது தானாக விழவேண்டும். எந்தச் சுற்றில் தயங்குகிறதோ அதற்கு முந்தைய சுற்றுதான் உங்கள் எல்லை. அதிர்வில் கழன்றுவிடும் என்ற பயம் இருந்தால் உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டுகளைப் போடுங்கள். பயத்தை ஸ்பேனரால் தீர்க்காதீர்கள். நீண்ட ஸ்பேனரை நான் இப்போது அந்த அலமாரியிலேயே வைப்பதில்லை.

ஒட்டிக்கொள்வது ஸ்லைடு மட்டும் அல்ல. மாதக்கணக்கில் நின்ற வண்டியில், கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் மிதவையின் ஊசி ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் ஆவியாகி விட்டுச்செல்லும் பிசுக்கு வார்னிஷ்போல் இறுகிவிடுவதே காரணம். மூடியபடி ஒட்டினால் பெட்ரோல் இறங்காது. திறந்தபடி ஒட்டினால் கிண்ணம் நிரம்பி வழிந்து தரையில் சொட்டும். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் கிண்ணத்தைச் செல்லமாகத் தட்டினால் பெரும்பாலும் விடுபடும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோல் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். துத்தநாகக் கிண்ணத்தின் அடியில் வெண்ணிறப் படிவு சேரும். நான் எத்தனால் குறைந்த உயர்ரகப் பெட்ரோலையே போடுகிறேன். குளிர்கால ஓய்வுக்கு முன் கிண்ணங்களைக் கழற்றி வடித்துத் துடைத்துவிடுகிறேன். ஒரு சிலிண்டர் மட்டும் ஐட்லிங்கில் நிற்காமல் அணைந்தால் அது வேறு நோய்: ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் நுண்துளையான பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. கான்சென்ட்ரிக்கில் அது கழற்றமுடியாதபடி உள்ளே அழுத்திப் பொருத்தப்பட்டது, துளை 0.016 அங்குலம். காற்றுத் திருகின் துளை வழியாக 78ஆம் எண் துளைக்கம்பியை விரலால் மட்டும் சுழற்றி நுழைத்தால் திறந்துவிடும்.

அந்த ஞாயிறுக்குத் திரும்புகிறேன். நட்டுகளை அளவாகத் திருகிவிட்டு மூவரும் கிளம்பினோம். அடுத்த சந்திப்பில், கைகாட்ட நின்றவர் தன் நார்ட்டன் டாமினேட்டரின்மேல் சாய்ந்தபடி எங்களுக்காகக் காத்திருந்தார். கடைசி ஆள் வரும்வரை நகரக்கூடாது என்ற விதியின் அருமை அப்போது தெரிந்தது. பான்பரியைக் கடந்து சிப்பிங் நார்ட்டன் வழியாக ஸ்டோ-ஆன்-தி-வோல்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். தேன் நிறக் கல் வீடுகள் நிறைந்த ஊர். சந்தைச் சதுக்கத்தில் பதினான்கு வண்டிகளும் வரிசையாக நின்றபோது ஒரு விஷயம் மனத்தில் தைத்தது. ட்ரையம்ஃப் மெரிடனில் பிறந்தது. பிஎஸ்ஏ பர்மிங்காமின் ஸ்மால் ஹீத்தில், நார்ட்டன் பிரேஸ்பிரிட்ஜ் தெருவில், வெலோசெட் ஹால் கிரீனில், ஏரியல் செல்லி ஓக்கில். அவற்றின் கார்புரேட்டர்களைச் செய்த அமால் நிறுவனமும் 1927இல் மூன்று நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து அதே பர்மிங்காமில் உருவானதுதான். எங்கள் வரிசையில் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று ஒரு மணி நேரப் பயணத்துக்குள் பிறந்த வண்டிகள்.

அப்பாவின் புல்லட்டும் இந்த வட்டத்தைச் சேர்ந்ததே. ராயல் என்ஃபீல்டின் தாய்த்தொழிற்சாலை இருந்த ரெட்டிச் என் வீட்டிலிருந்து ஏறத்தாழ 30 மைல். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அவர்களுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் புல்லட்டுகள் உருவாயின. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. திருவொற்றியூர் விடாமல் செய்துகொண்டே இருந்தது. சதுக்கத்தில் இதை நான் சொன்னபோது ஏரியல்காரர் ஒருவர் உடனே அப்பாவின் புல்லட்டில் முதல் கியர் மேலே விழுமா, கீழே விழுமா என்று கேட்டார். மேலே, வலது காலில் என்றேன். என் போனவில்லிலும் கியர் வலது காலில்தான், ஆனால் முதல் கியர் கீழே. இந்த வண்டிக்கு மாறிய முதல் மாதத்தில் என் கால் திருச்சியிலும் வண்டி இங்கிலாந்திலும் இருந்தன. அதை மேசையிலிருந்த எல்லோரும் புரிந்துகொண்டார்கள். அவரவர் காலுக்கும் அப்படி ஒரு பழைய ஊர் இருந்தது.

திரும்பும் வழி மோர்டன்-இன்-மார்ஷைக் கடந்து ஃபாஸ் வே. ரோமானியர்கள் எக்ஸிடரிலிருந்து லிங்கன்வரை நூல் பிடித்ததுபோல் இழுத்த சாலை. மாலை ஆறு மணிக்கு வார்விக்ஷயரில் ஜூன் மாதச் சூரியன் இன்னும் உயரத்தில்தான் இருக்கும். சாலை அலைபோல் ஏறி இறங்கும். முன்னால் போகிறவர்கள் ஒவ்வொரு பள்ளத்திலும் மறைந்து அடுத்த மேட்டில் தோன்றுவார்கள். வெட்டிய புல்லின் வாசம், சூடான எண்ணெயின் வாசம். பதினான்கு எஞ்சின்கள், பதினான்கு தாளங்கள். ஒற்றைச் சிலிண்டர் வெலோசெட்டின் கனத்த துடிப்பு பின்னாலிருந்து என் முதுகில் தட்டிக்கொண்டே வந்தது. அவர் கேட்டுக்கொண்டு வருகிறார் என்று எனக்குத் தெரியும். அந்த முப்பது மைலும் எனக்கு ஒரு நொடிகூடப் பயம் வரவில்லை.

பட்டையைச் சரிசெய்த பிறகு ஆகஸ்டில் மீண்டும் அதே பாதையில் போனோம். கிளம்பும்போது இசை ஆசிரியையிடம், சன்ரைசிங் மேட்டில் என் பின்னாலேயே வரும்படி கேட்டுக்கொண்டேன். இரண்டும் ஒன்றாக இறங்கினால் விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுகிறேன் என்றார். மூன்றாவது கியர், முழுத் திறப்பு, வளைவு, மறுபடி திறப்பு. உச்சியில் கைப்பிடியை விட்டேன். எஞ்சின் அடங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். வெலோசெட்டின் முகப்பு விளக்கு அணைந்து, எரிந்தது.